மழை நேரத்தில் மூட மறுக்கும் கார் சன்-ரூப்! பதறாமல் சரி செய்வது எப்படி?

கும்மிடிப்பூண்டி:

வெயில் அடிக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும். சடசடவென மழை பிடிக்கும்போதுதான் காலை வாரும். காரின் கூரையில் இருக்கும் கண்ணாடி ஜன்னலான சன்-ரூப் பற்றி டிரைவர்கள் சொல்லும் புகார் இது. கண்ணாடி பாதி திறந்த நிலையில் சிக்கிக் கொண்டால் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தவும் முடியாது, மழையில் ஓட்டவும் முடியாது.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை என்று தினமும் ஆபீசர்களை ஏற்றி இறக்கும் டிரைவர்களுக்கு இது பெரிய தலைவலி. உள்ளே தண்ணீர் இறங்கி எலக்ட்ரானிக் பாக்ஸ் போய்விட்டால், "நீ சரியா மூடலையாப்பா?" என்ற கேள்வி முதலில் டிரைவர் மீதுதான் பாயும். எங்கே கோளாறு, எதை நாமே பார்க்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதைத் தெரிந்து வைத்துக் கொண்டால் பணமும் மிஞ்சும், கெட்ட பெயரும் வராது.

நம்ம ஊர் கார்களில் சன்-ரூப்

சன்-ரூப் என்பது ஒரு காலத்தில் பெரிய பணக்காரர் வீட்டு வெளிநாட்டு கார்களில் மட்டும் இருந்த சமாச்சாரம். இன்று நிலைமை வேறு. திருவள்ளூர் அருகே அதிகத்தூரில் 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷி லான்சர் காரை தயாரிக்கத் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். பிறகு பிரான்ஸ் நாட்டு நிறுவனமும் சி.கே.பிர்லா குழுமமும் கைகோர்த்து திருவள்ளூர் ஆலையில் சிட்ரோயன் கார்களை தயாரிக்கத் தொடங்கின. அங்கே பொருத்தி 2021 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த சி5 ஏர்கிராஸ் காரின் உயர் ரக மாடலில், கூரை முழுக்க கண்ணாடியாக இருக்கும் பனோரமிக் சன்-ரூப் உண்டு.

அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கார்களிலும் இதே கதைதான். கிரெட்டாவில் 2018-ல் சன்-ரூப் வந்தது. 2023-ல் வந்த சின்ன காரான எக்ஸ்டரின் சில மாடல்களிலும் வைத்துவிட்டார்கள். இப்படி வந்த வண்டிகள் பல, இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி கால் டாக்சியாகவும் குடும்ப வண்டியாகவும் நம்ம ரோட்டில் ஓடுகின்றன. வாரண்டி முடிந்த பிறகு செலவு முழுக்க வைத்திருப்பவர் தலையில்தான்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

கோளாறைக் கண்டுபிடிக்க முதலில் அமைப்பு தெரிய வேண்டும். மேலே தெரிவது கண்ணாடி. அதன் இரண்டு பக்கமும் அலுமினிய தண்டவாளம் மாதிரி பாதை இருக்கும். அதில் பிளாஸ்டிக் வழுக்கிகள் ஓடும். கண்ணாடியைத் தள்ளுவதும் இழுப்பதும் இரண்டு இரும்பு கேபிள்கள். சாதாரண பிரேக் கேபிள் போல மொழுமொழுவென இருக்காது. ஸ்பிரிங் சுற்றியது போல பல் பல்லாக இருக்கும்.

கூரை நடுவில் சின்ன மோட்டார். அதன் பல் சக்கரம் சுற்றும்போது இரண்டு கேபிளும் ஒரே அளவில் நகரும். அதனால்தான் கண்ணாடி கோணாமல் நேராகப் போகிறது. மோட்டாரோடு சேர்ந்து ஒரு கண்ட்ரோல் பாக்ஸ் இருக்கும். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, கண்ணாடி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இது நினைவில் வைத்திருக்கும்.

கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங் உண்டு. ஆனால் அது தண்ணீரை நூற்றுக்கு நூறு தடுக்காது. கசியும் தண்ணீரைப் பிடிக்க உள்ளே ஒரு தட்டு, அந்தத் தண்ணீரை கீழே இறக்க மூலைகளில் டியூப்கள். பல வண்டிகளில் நான்கு மூலையிலும் இருக்கும். "சன்-ரூப் ஒழுகுது" என்று வரும் வண்டிகளில் பல நேரம் குற்றவாளி ரப்பர் அல்ல, அடைத்துக் கொண்ட இந்த டியூப்தான்.

ஏன் சிக்குது?

முதல் எதிரி தூசி. கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பு உருக்காலைகள் அதிகம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரப்பேட்டை, தச்சூர் கூட்டு ரோடு, செங்குன்றம் என்று வழி நெடுக கண்டெய்னரும் டிப்பரும் ஓடுகின்றன. இந்தப் புழுதி கூரை இடுக்கில் இறங்கி, பாதையில் உள்ள பழைய கிரீசோடு கலந்து மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, வெயில். திருத்தணியில் அடிக்கும் வெயிலைப் பற்றி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் திறக்காமல் வைத்திருந்தால் ரப்பர் காய்ந்து கண்ணாடியோடு ஒட்டிக் கொள்ளும். திடீரென திறக்கும்போது மோட்டார் திணறும்.

மூன்றாவது, மர நிழல். வேப்ப மரத்தடி, புங்க மரத்தடியில் நிறுத்தினால் வண்டிக்கு குளிர்ச்சிதான். ஆனால் பூ, இலை, விதை எல்லாம் இடுக்கில் விழும். மழைத் தண்ணீரோடு சேர்ந்து டியூப் வாயை அடைக்கும்.

முதல் வேலை: காது கொடுத்து கேளுங்க

ரேடியோவை நிறுத்தி, ஏசியை அணைத்து, சாவியை 'ஆன்' நிலையில் வைத்து சுவிட்சை ஒரு தடவை அமுக்குங்கள். திரும்பத் திரும்ப அமுக்க வேண்டாம். பல வண்டிகளில் மோட்டார் சூடானால் தானே நின்றுவிடும். அப்படி நின்றிருந்தால் கால் மணி நேரம் கழித்துப் பார்க்கலாம்.

கேட்கும் சத்தத்தை வைத்தே கோளாறை நான்காகப் பிரித்துவிடலாம்.

1. சத்தமே இல்லையா?

கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். பவர் விண்டோ, உள் விளக்கு எல்லாம் ஒழுங்காக எரிகிறதா பாருங்கள். எல்லாமே மந்தமாக இருந்தால் பேட்டரியில் கோளாறு. நன்றாக சார்ஜ் உள்ள பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். 12-க்கு கீழே இறங்கியிருந்தால் முதலில் பேட்டரியைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது பியூஸ். டேஷ்போர்டுக்கு கீழே அல்லது பானெட்டுக்குள் பியூஸ் பாக்ஸ் இருக்கும். எது சன்-ரூப் பியூஸ் என்று மூடியிலோ வண்டியோடு வரும் புத்தகத்திலோ போட்டிருக்கும். பிளேடு பியூஸ்களில் நிறத்தை வைத்தே ஆம்பியர் தெரியும். சிவப்பு என்றால் 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போன பியூஸ் எத்தனை ஆம்பியரோ அதே அளவுதான் புதிதாகவும் போட வேண்டும். "30 போட்டா போவாதுண்ணே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பியூசுக்கு பதில் கம்பி சுற்றுவது அதைவிட ஆபத்து. ஒயர் சூடாகி கூரைத் துணியே பற்றிக் கொள்ளும்.

புது பியூசும் உடனே போனால் நிறுத்திவிடுங்கள். எங்கோ ஷார்ட் ஆகிறது, அல்லது மோட்டார் இறுகிக் கிடக்கிறது. இது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை.

பியூஸ் சரி, ஆனாலும் அசைவே இல்லை என்றால் சுவிட்ச், கனெக்டர், மோட்டார் இந்த மூன்றில் ஒன்று. பழைய வண்டிகளில் டெஸ்ட் லாம்ப் வைத்து மோட்டார் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். புது வண்டிகளில் கண்ட்ரோல் பாக்ஸ் மோட்டாரோடு சேர்ந்தே இருப்பதால் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதுதான் சரி.

2. கொஞ்சம் நகர்ந்து திரும்பி விடுகிறதா?

பெரும்பாலும் இது கோளாறே இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. மூடும்போது குழந்தை விரல் மாட்டினால் நசுங்கக் கூடாது என்பதற்காக, தடை பட்டால் கண்ணாடி பின்வாங்கும்படி செய்திருக்கிறார்கள். நடுவில் ஒரு சின்ன கல்லோ, இறுகிய தூசியோ, புரண்ட ரப்பரோ இருந்தால் அதையும் விரல் என்றுதான் அது நினைக்கும்.

மருந்து, சுத்தம் செய்வதுதான். கண்ணாடியை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து கொண்டு, பழைய டூத் பிரஷ், வாக்குவம், ஈரத்துணி வைத்து இரண்டு பக்க பாதையையும் துடையுங்கள். கறுப்பு கிரீஸ் மொத்தமும் வர வேண்டும். காய்ந்த பிறகு சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். ரப்பருக்கு சிலிக்கான் ஸ்பிரேயை துணியில் அடித்துத் துடைக்கலாம்.

இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், வீல் பேரிங் கிரீஸ் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயும் ஆயிலும் ரப்பரை உப்ப வைக்கும். மற்றவை தூசியை இழுத்துப் பிடிக்கும். ஒரு வாரம் ஜோராக ஓடி, அடுத்த மாதம் முன்னைவிட மோசமாக சிக்கும்.

சுத்தம் செய்தும் திரும்புகிறது என்றால், கண்ட்ரோல் பாக்ஸ் தன் கணக்கை மறந்திருக்கலாம். பேட்டரி கழற்றி மாட்டினாலோ, பேட்டரி அடியோடு இறங்கினாலோ இப்படி ஆகும். இதற்கு ரீ-செட் செய்ய வேண்டும். பல வண்டிகளில், மூடும் பக்கம் சுவிட்சை சுமார் 10 வினாடி அமுக்கிப் பிடித்தால் கண்ணாடி லேசாக அசையும். விட்டுவிட்டு உடனே மறுபடி பிடித்தால் ஒரு தடவை முழுசாக திறந்து மூடும். அதுவரை கையை எடுக்கக் கூடாது. முறை வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் வண்டியின் புத்தகத்தைப் பார்த்து செய்யவும்.

உஷார்! ரீ-செட் நடக்கும்போது விரலைக் காக்கும் ஏற்பாடு பல வண்டிகளில் வேலை செய்யாது. குழந்தைகளை வண்டியை விட்டு இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

3. மோட்டார் சுத்துது, கண்ணாடி நகரலையா?

'விர்ர்' என்று சத்தம் மட்டும் வந்தால் மோட்டாரின் பல் சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது கேபிளின் பல் போயிருக்கும். 'டக் டக்' என்று தட்டும் சத்தம் வந்தால் பல் தாண்டுகிறது. இதற்கு மேல் சுவிட்சில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் மிச்சம் இருக்கும் பல்லும் போகும். மோட்டாரோடு முடிய வேண்டிய செலவு கேபிள், பாதை என்று ஏறிவிடும்.

4. கண்ணாடி கோணலாக நிற்கிறதா?

ஒரு பக்கம் முன்னால், ஒரு பக்கம் பின்னால் நின்றால் ஒரு கேபிள் வழுக்கிவிட்டது, அல்லது ஒரு பக்க பிளாஸ்டிக் வழுக்கி உடைந்துவிட்டது. கையால் தட்டி நேராக்கும் வேலை வேண்டாம். இது பெரும்பாலும் பதப்படுத்திய (டெம்பர்டு) கண்ணாடி. விளிம்பில் அடி பட்டால் மொத்தமும் பொடிப் பொடியாக உதிரும். இரண்டு கேபிளையும் ஒரே அளவில் வைத்து மறுபடி பூட்டத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நடுரோட்டில் மழை வந்துட்டா?

முதலில் வண்டியை ஓரம் கட்டி, பெட்ரோல் பங்க் கூரையோ மேம்பாலமோ இருந்தால் கீழே போய்விடுங்கள். அதன் பிறகு கையால் மூட வழி இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் கூரை விளக்குப் பகுதியின் மூடியைக் கழற்றினால் மோட்டாரின் நடுவில் ஆறுமூலை ஓட்டை தெரியும். டூல் கிட்டில் அதற்கென ஒரு ஆலன் கீ கொடுத்திருப்பார்கள். அதைச் செருகி மெதுவாகச் சுற்றினால் கண்ணாடி நகரும். திறக்கிறதா மூடுகிறதா என்று அரைச் சுற்றிலேயே தெரிந்துவிடும். இறுகினால் மல்லுக்கட்ட வேண்டாம். டிரில் மெஷின் போட்டு சுற்றவே கூடாது, பல் உடைந்துவிடும்.

சில புது வண்டிகளில் இந்த ஓட்டையே கிடையாது. அப்போது கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை கூரை மேல் விரித்து, ஓரங்களை நான்கு கதவுக்குள்ளும் மடித்து கதவைச் சாத்துங்கள். வேகமாக ஓட்டாமல் அருகில் உள்ள ஷெட்டுக்குப் போகலாம். யாரும் தெரியாமல் சுவிட்சை அமுக்கிவிடாதபடி பியூசை கழற்றி வைப்பது நல்லது.

டியூப் அடைப்பு எடுப்பது எப்படி?

சன்-ரூப்பைத் திறந்து, மூலையில் தெரியும் ஓட்டை அருகே ஒரு டீ கிளாஸ் தண்ணீரில் பாதியை மெதுவாக ஊற்றுங்கள். முன் பக்க டியூப் என்றால் முன் கதவு கீல் அருகே அல்லது முன் சக்கரம் பக்கம் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாமல் தட்டில் தேங்கி நின்றால் அடைப்பு.

புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு ஒரு நீளம் வாங்கி, முனையை மழுங்கலாக்கி மெதுவாக உள்ளே விட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். கம்பி விட்டால் டியூப் கிழியும். பஞ்சர் கடை ஏர் பைப்பை வைத்து அடிக்காதீர்கள். வேகத்தில் டியூப் கழன்று, கூரைக்குள்ளேயே தண்ணீர் கொட்ட ஆரம்பிக்கும். அது வெளியில் தெரியாது. கால் மிதியடி நனைந்து நாற்றம் வரும்போதுதான் தெரியும். அதற்குள் டேஷ்போர்டுக்கு கீழே இருக்கும் பியூஸ் பாக்ஸ், கண்ட்ரோல் யூனிட் வரை தண்ணீர் போயிருக்கும். செலவு அங்கேதான் எகிறும்.

வடகிழக்கு பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே இந்த தண்ணீர் சோதனையை ஒரு தடவை செய்துவிட்டால் டிசம்பர் வரை நிம்மதி.

இதில் கை வைக்காதீங்க

கூரைத் துணியை இழுத்துக் கழற்றும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். ஜன்னல் ஓரக் கூரைக்குள் திரை போல விரியும் ஏர்பேக் உள்ள வண்டிகள் ஏராளம். பேட்டரியைக் கழற்றாமல் அந்த ஒயரில் கை வைத்தால் ஏர்பேக் வெடித்து விரியக் கூடும். அதை மாற்றும் செலவு சன்-ரூப் செலவையே தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கண்ணாடி ஓரத்தில் சிலிக்கான் பசை போட்டு ஒட்டிவிடும் வேலையும் சில இடங்களில் நடக்கிறது. ஒழுகல் அப்போதைக்கு நிற்கலாம். ஆனால் அடைத்த டியூப் அப்படியே இருப்பதால் தண்ணீர் வேறு வழி தேடும். பிறகு கண்ணாடியைக் கழற்ற வேண்டுமென்றால் பெரும்பாடாகிவிடும்.

ஷெட்டில் என்ன கேட்கணும்?

வாரண்டி இருந்தால் வெளியில் பிரிக்கவே கூடாது. நேராக கம்பெனி சர்வீசுக்குப் போங்கள். வாரண்டி முடிந்திருந்தால், "மொத்த செட் மாத்தணும்" என்று சொன்னவுடன் தலையாட்டிவிடாதீர்கள். மோட்டார் மட்டும் போதுமா, கேபிள் தனியாகக் கிடைக்குமா, பிளாஸ்டிக் வழுக்கி மட்டும் மாற்றலாமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சில மாடல்களுக்கு உதிரியாகக் கிடைக்கும், சிலதற்கு செட்டாகத்தான் வரும். கழற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேளுங்கள். எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள்.

விபத்திலோ கல் பட்டோ கண்ணாடி உடைந்தால் முழு இன்சூரன்சில் கிளெய்ம் செய்யலாம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் கிடைக்காது. தேய்மானத்தால் மோட்டார் போவது, தூசியால் சிக்குவது எல்லாம் சாதாரண பாலிசியில் வராது.

பழைய கார் வாங்குபவர்கள் சன்-ரூப்பை மூன்று தடவை முழுசாக திறந்து மூடிப் பாருங்கள். கூரைத் துணியில் டீ கறை போல வளையம் இருந்தால் ஒழுகிய வண்டி. மிதியடியைத் தூக்கி மோந்து பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் கைமாறி இருக்கலாம் என்பதால் இந்தச் சோதனை ரொம்ப முக்கியம்.

டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆக்டிங் டிரைவராகப் போகிறவர்கள் வண்டியை எடுக்கும்போதே ஓனர் முன்னால் சன்-ரூப்பை ஒரு தடவை திறந்து மூடிவிடுங்கள். சத்தம் வித்தியாசமாக இருந்தால் அப்போதே சொல்லி, செல்போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பி வையுங்கள். "சார், மூடும்போது சத்தம் வருது, காட்டிடுங்க" என்று ஒரு வரி போதும். நாளைக்கு சம்பளத்தில் பிடிக்கும் பேச்சு வந்தால் அந்த ஒரு வரிதான் கை கொடுக்கும்.

தலையை நீட்டாதீங்க

சன்-ரூப் இருப்பது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்தான். குழந்தைகளை சீட்டில் ஏற்றி நிறுத்தி தலையை வெளியே நீட்ட விடுவது கொடுமையான ஆபத்து. பெங்களூரில் 2025 செப்டம்பரில் ஓடும் காரின் சன்-ரூப்பில் நின்று வந்த சிறுவன், ரோட்டின் குறுக்கே இருந்த உயரத் தடுப்பில் மோதி காயம் அடைந்தான். சடன் பிரேக் போட்டாலே போதும், கண்ணாடி விளிம்பு நெஞ்சில் இடிக்கும். போலீஸ் வழக்கும் தேடி வரும்.

மறக்கக் கூடாத 5 விஷயம்

* மாதம் ஒரு தடவையாவது திறந்து மூடுங்கள்.

* 3 மாதத்துக்கு ஒரு தடவை பாதையைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

* மழைக்காலத்துக்கு முன் டியூப்பில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

* ஆலன் கீ டூல் கிட்டில் இருக்கிறதா, செருகும் ஓட்டை எங்கே என்று இன்றே பார்த்து வையுங்கள்.

* வண்டியை விட்டு இறங்கும் முன் ஒரு தடவை மேலே பாருங்கள். மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும்.